அஸ்தமனம் வரை இறங்காத கொடி

பிள்ளைகளே,

போன வாரம் டீவியில் கடற்படை அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா வச்சிருந்த கொடி இதுதானாப்பா?" என்று கேட்டாள். இல்லை, தாத்தா கொடியில் பெரிய சிவப்புச் சிலுவை இருக்கும் என்றேன். பெரியவன் ஷூ மாட்டிக்கொண்டே சிரித்தான். "நம்ம வீட்டுலயா? சிலுவையா?" பதில் சொல்வதற்குள் ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேப் வந்து ஹார்ன் அடித்தது. அவன் போய்விட்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. நீங்களும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். சின்ன வயதில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது படித்தால், நான் விட்டதை அவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதலில் கொடியைப் பற்றி. வெள்ளைக்காரன் போனபின், அவன் கடற்படைக் கொடியின் மூலையிலிருந்த அவன் நாட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு நம் மூவர்ணத்தை வைத்தார்கள். சிவப்புச் சிலுவை அப்படியே நின்றது. நடுவில் ஒருமுறை அதை எடுத்தார்கள், சில வருஷத்தில் மறுபடி வைத்தார்கள். இப்போது திரும்ப எடுத்தாயிற்று. அந்த இடத்தில் நீலத்தில் ஒரு எண்கோணம். மராட்டிய ராஜாவின் முத்திரையிலிருந்து எடுத்தது என்கிறார்கள். அதற்குள் நங்கூரம், கீழே வருண பகவானை வேண்டும் ஒரு வரி. நான் சொல்லப்போவது சிலுவை இருந்த காலத்துக் கதை.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். பூனா பக்கத்தில் ஆகுர்டியில் தகரக் கூரை போட்ட ஒரு சாளில் இருந்தோம். வரிசையாகப் பத்து வீடு, எல்லா வீட்டுக்கும் பொதுவாக முன்னால் ஒரு நடை, அதற்கு முன்னால் சந்து. டிசம்பரில் காலையில் தகரத்திலிருந்து பனி சொட்டும். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து பெயின்ட் வாசனை வரும். அந்த வாசனை வந்தால் குளிர்காலம் என்று எனக்கு இன்னும் தோன்றும்.

அப்பா கடற்படையில் ஸ்டோக்கர். கப்பலுக்கு அடியில், பாய்லர் பக்கத்தில் வேலை. பதினைந்து வருஷம் முடித்து வந்தவருக்கு இங்கே தொழிற்சாலையிலும் பாய்லர்தான் கிடைத்தது. வீட்டில் தரையை அவர் கப்பல் பாஷையில் 'டெக்' என்பார், சமையற்கட்டை 'கேலி' என்பார். எனக்குப் பள்ளிக்கூடம் போய்த்தான் தெரிந்தது, மற்றவர் வீட்டில் சமையற்கட்டுக்கு அந்தப் பெயர் இல்லை என்று.

இரண்டு வீடு தள்ளி காகா இருந்தார். காகா என்றால் மராட்டியில் சித்தப்பா. கொங்கணத்துக்காரர், அப்பா இருந்த கப்பலிலேயே சிக்னல்காரர். கொடிகள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. கப்பலில் கிழிந்து கழித்த கொடி ஒன்று எப்படியோ காகாவின் டிரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. எப்படி என்று நான் கேட்டதில்லை. காகாவும் அப்பாவும் அதன் கிழிசலைக் கையாலேயே தைத்திருந்தார்கள். கடற்படையில் ஊசி நூல் பிடிக்கத் தெரியாத ஆள் கிடையாது.

கடற்படை தினத்தை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் இருந்த பழைய கப்பல்காரர்கள் எங்கள் சந்தில் கூடுவார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் கன்னர் மாமா என்று ஒருவர். பீரங்கிக்காரர், நாகர்கோவில் பக்கம். காது பாதி கேட்காது, வாய் மட்டும் நிற்காது. காலை எட்டு மணிக்கு அவர் தன் வெண்கல ஊதலை எடுத்து ஊதுவார். விரலை மூடித் திறந்தால் அது மெலிந்து ஏறும், பிறகு இறங்கும். காகா கயிற்றை இழுப்பார். எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் மேல் கட்டிய தண்ணீர்க் குழாயில் கொடி ஏறும். எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். சல்யூட் கிடையாது, ஏனென்றால் தலையில் தொப்பி இல்லாமல் கடற்படையில் சல்யூட் அடிக்கக் கூடாது. ஏறிய கொடி சூரியன் மறையும்போதுதான் இறங்கும். மழை வந்தாலும், யார் வந்தாலும், அதற்கு முன் இறங்காது. அதுதான் விதி.

அந்த வருஷம் அதே ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. தாய் தகப்பன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். பால்வாடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது. மாப்பிள்ளை இங்கே பூனாவிலேயே, கோர்படியில் ரயில்வே உத்தியோகம். அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் திருநெல்வேலியிலிருந்து இதற்காகவே வந்திருந்தார்கள். இதுவும் போனால் அண்ணன் சரியில்லை என்று ஊரில் பேசுவார்கள். அப்பாவுக்கு அது பெரிய கவலையாக இருந்தது.

அம்மா காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். "இந்த ஒரு வருஷம் கொடிய விட்டுருங்களேன்."

"கொடி அவங்கள என்ன பண்ணப் போகுது? அது பாட்டுக்கு மேல கெடக்கு."

"நான் சொன்னா எதையாவது கேப்பீங்களா!"

மூன்றரை மணியிலிருந்து அம்மா வாசலுக்கும் கேசரிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும். அதற்குள் அவர்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும். நாலு மணி தாண்டி ஒரு ரிக்ஷா சந்து முனையில் நின்றது. முதலில் தாய்மாமா இறங்கினார். வெள்ளை வேட்டி, ஸ்வெட்டர். பின்னால் மாப்பிள்ளை. பார்க்க நன்றாகத்தான் இருந்தார். கழுத்தில் தவிட்டு நிறத்தில் நீளமான கம்பளி மஃப்ளர். கடைசியாக அவர் அம்மா, மெல்லிய பட்டுப் புடவையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

தாய்மாமா பத்தடி வந்தார். மேலே பார்த்தார். நின்றுவிட்டார்.

"என்னவே இது, ஆஸ்பத்திரியா? யாருக்கும் அம்மை கிம்மை போட்டிருக்கா?"

கன்னர் மாமா முன்னால் போனார். "ஆஸ்பத்திரி இல்லீங்க. நேவி கொடி."

"சிலுவைல்லா போட்டிருக்கு." அவர் அப்பாவைப் பார்த்தார். "நீங்க வேதக்காரங்களா? தரகர் சொல்லலையே."

"உள்ள வந்து பாருங்க, முருகன் படந்தான் மாட்டியிருக்கு," என்றார் அப்பா. "இது சர்க்கார் கொடி. மூலையில பாருங்க, மூவர்ணம்."

"உள்ள வாறதுக்குத்தான் கேக்கேன். பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒரு மாவிலை இல்ல. தலைக்கு மேல சிலுவை. நான் யார் சாமியையும் குத்தம் சொல்லல. ஆனா சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்லா. அத எறக்குங்க. நாங்க வாறோம்."

சந்து முழுவதும் அப்பாவைப் பார்த்தது. அம்மா கதவடியில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அஸ்தமனத்துக்கு முன்னால எறக்க முடியாதுங்க," என்றார் அப்பா.

"ஏன், கயிறு சிக்கிக்கிச்சா?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு."

காகாவுக்குத் தமிழ் பாதி புரியும். அவர் கையை விரித்து, "சூர்யாஸ்த் நஹி ஹுவா, பாவ்சாஹேப்," என்றார். சூரியன் இன்னும் மறையவில்லை என்று ஆகாசத்தைக் காட்டினார். தாய்மாமா ஆகாசத்தைப் பார்க்கவில்லை. காகாவை ஏற இறங்கப் பார்த்தார்.

அம்மா அப்பாவை நடையின் ஓரத்துக்கு இழுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். "ஒங்க தங்கச்சி வாழ்க்கையா, ஒங்க துணியா?"

அப்பா மெதுவாகத்தான் பேசினார். "பதினஞ்சு வருஷம், அது ஏறயிலயும் எறங்கயிலயும் நான் அடியில பாய்லர்கிட்ட நின்னேன். மேல ஊதுவாங்க, எனக்கு அதுகூடக் கேக்காது. வருஷத்துல ஒரு நாள் மேல நின்னு பாக்கேன். அதையும் பாதியில எறக்கணும்னா, பின்ன எதுக்கு ஏத்தணும்?"

கேசரி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அம்மா உள்ளே ஓடினாள்.

இப்படியே வாக்குவாதம் நீண்டது. தாய்மாமா திரும்பிப் போவோம் என்றார். அவர் அக்கா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி என்றாள். கன்னர் மாமா இரண்டு பக்கமும் பேசிப் பேசி இரண்டு பக்கத்தையும் கெடுத்தார். கடைசியில் தாய்மாமா, "சரி, கெளம்புங்க எல்லாரும்!" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது.

நாலரை தாண்டிவிட்டது.

இப்போது அவர்களால் உள்ளே வரவும் முடியாது, ராகு காலம். ரிக்ஷா ஏறிக் கிளம்பவும் முடியாது, அதுவும் ராகு காலம். ஆறு மணி வரைக்கும் நின்ற இடத்தில்தான் இருக்க வேண்டும். கொடியும் ஆறு மணி வாக்கில்தான் இறங்கும். காகா தன் வீட்டிலிருந்து காலண்டர் தாளைக் கிழித்து வந்து அஸ்தமன நேரத்தைக் காட்டினார். தாய்மாமா சட்டைப்பையிலிருந்த பாக்கெட் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். ஒருவர் தாளை ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள்.

"அப்போ ரெண்டு பேரும் ஒரே டூட்டிதான்," என்றார் கன்னர் மாமா. "பெஞ்சு போடுங்கப்பா."

சந்தில் பெஞ்சு போட்டார்கள். எனாமல் மக்கில் எலுமிச்சைப் புல் போட்ட டீ வந்தது. வெங்காய பஜி வந்தது. தாய்மாமா முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒன்று எடுத்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"வெள்ளைக்காரன் போயும் அவன் சிலுவைய ஏன்யா தூக்கிட்டுத் திரியுதீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாடே அதே கேள்வியைக் கேட்டுத்தான் பின்னால் மாற்றியது.

காகா நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் கடற்படை வெள்ளைக்காரனுடையது இல்லை, மராட்டிய ராஜா சத்ரபதி கொங்கணக் கரையில் கப்பல் கட்டியபோதே ஆரம்பித்துவிட்டது என்று ஹிந்தியில் சொன்னார். கன்னர் மாமாவுக்கு அது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. "அதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடியே சோழன் கடல் தாண்டிப் போய்க் கடாரத்தப் புடிச்சாச்சு! கேளுங்க இவர!"

"ஆமா, அதுல என்ன சந்தேகம்!" என்று தாய்மாமா கன்னர் மாமா பக்கம் பாய்ந்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன் அவரிடம்தான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும், வெள்ளைக்காரக் கம்பெனி சூரத்தில் கொண்டுவந்து நிறுத்திய கப்பலிலிருந்துதான் இந்தக் கடற்படை என்று தனக்குப் பயிற்சியில் சொன்னதாகச் சொன்னார். இரண்டு கட்சியும் சேர்ந்து அவரை அடக்கியது.

"ஆரம்பிச்சது யாரா இருந்தா என்ன," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "கொடிய இங்கிலீஷ்காரன்தானே தச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். காகாவுக்கு அப்பா மொழிபெயர்த்துச் சொன்னார், அவர் தாமதமாகச் சிரித்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

ஐந்தரைக்கு மேல் குளிர் இறங்கியது. பூனாக் குளிர் உங்களுக்குத் தெரியும், வெயில் நகர்ந்ததும் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரும். ஊரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. பட்டுப் புடவைத் தலைப்பை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்தினாள். டீ மக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏ தம்பி, உள்ள போய் ஒரு ஓரமா உக்காரட்டுமா?" என்று தம்பியைக் கேட்டாள். "ராகு காலத்துலயா? இன்னும் கொஞ்ச நேரம் பொறு," என்றார் தாய்மாமா. அவள் மகனைப் பார்த்தாள். மகன் மாமாவைப் பார்த்தார். பிறகு மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றி, நுனியை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார்.

அப்போது காகாவின் மனைவி, நாங்கள் காகு என்று கூப்பிடுவோம், நடையில் வந்து நின்று பார்த்தாள். விடுவிடுவென்று இறங்கி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "யா, ஆத் யா." உள்ளே வாங்க என்று. தாய்மாமா வாயைத் திறந்தார்.

"இது பொண்ணு வீடு இல்லல்லா?" என்றாள் அந்த அம்மா. "இந்த வீட்டுக்கு ராகு கெடையாது." எழுந்து காகு பின்னால் போய்விட்டாள். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. ஆனால் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆறுக்குச் சற்று முன் காகா கையைத் தூக்கினார். கன்னர் மாமா ஊதினார். கப்பல்காரர்கள் நின்றார்கள். மாப்பிள்ளையும் எழுந்தார். தாய்மாமா பஜியை வாயில் வைத்தபடி எழுந்து, மெல்லாமல் நின்றார். கொடி மெதுவாக இறங்கியது. அப்பா அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காகு வீட்டு வாசலில் ஒரு சிவப்புச் சால்வையில் மாப்பிள்ளையின் அம்மா நின்றாள். காகா கொடியை மடிக்கும்போது வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "கம்பளித் துணியா? நல்ல கெட்டி," என்றாள். அதன்பிறகும் தாய்மாமா இரண்டு நிமிஷம் காத்திருந்து, சரியாக ஆறு என்று கடிகாரம் சொன்னபிறகே படியேறினார்.

உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது. அத்தை காப்பி கொடுத்தாள். அடிப்பிடித்த கேசரியின் மேல் பாகத்தை அம்மா கொடுத்தாள். போகும்போது அந்த அம்மா அத்தையின் கன்னத்தைத் தொட்டு, "எனக்கு ஒன்னப் புடிச்சிருக்கு," என்றாள். மறுநாளே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் பேடா வாங்கிக்கொண்டு வந்தார்.

அத்தை வேண்டாம் என்றுவிட்டாள்.

அம்மா இடிந்து உட்கார்ந்தாள். "அவங்களே சரின்னுட்டாங்க. ஒனக்கென்ன?"

"மதினி, ஜன்னல் வழியா நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவங்க அம்மா குளிர்ல நடுங்குதாங்க. இவர் தன் மஃப்ளரை இறுக்கிக் கட்டுதாரு."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"அந்தம்மா எவ்வளவு தங்கமானவங்க!"

"அந்தம்மாவுக்காக நூறு தடவை சரின்னு சொல்லலாம். கட்டிக்கப் போறது அவங்கள இல்லையே."

அம்மா கடைசி வரை இதை நம்பவில்லை. சந்தில் நிறையப் பேரிடம் கொடியால்தான் கெட்டது என்று சொன்னாள். அப்பாவும் நம்பவில்லை, ஆனால் வேறு விதமாக. தன்னைச் சந்தில் வைத்து அந்தத் தாய்மாமா பேசியதைத் தங்கை பொறுக்கவில்லை, தன் மானத்துக்காக நல்ல இடத்தை விட்டுவிட்டாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அத்தை எத்தனை தடவை சொன்னாலும், "சரிம்மா, சரி," என்பார். அந்த 'சரி'யைக் கேட்டாலே அத்தைக்கு எரிச்சல் வரும். அந்த வருஷம் முழுவதும் அவர் அவளிடம் கடன்பட்டவரைப் போலவே நடந்துகொண்டார். மீன் குழம்பில் நல்ல துண்டை அவள் தட்டில் போடுவார். அவள் திருப்பி அவர் தட்டில் போடுவாள். எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால், ஒரு பெண் தன் காரணத்தைச் சொன்னால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை என்று புரிகிறது. சின்னவளே, இதை நீ கவனித்துப் படி.

அடுத்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பல்காரர்கள் வந்துவிட்டார்கள். காகா கொடியைக் கொண்டுவந்தார். அப்பா வெளியே வரவில்லை. "இந்த வீட்டு மேல இனிமே வேண்டாம். ஒங்க வீட்டு மேல ஏத்திக்கோங்க," என்று உள்ளேயிருந்தே சொன்னார். எட்டு மணி நெருங்கியது. கன்னர் மாமா ஊதலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காகாவிடமிருந்து கொடியை வாங்கினாள். அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நல்லா கேளுங்க. கொடி இல்லாம இருந்திருந்தா அவங்க நாலு மணிக்கே உள்ள வந்திருப்பாங்க. நான் தலையக் குனிஞ்சு காப்பி குடுத்திருப்பேன். கேட்டா சரின்னும் சொல்லியிருப்பேன். அந்த ஆளை அவ்வளவு நேரம் நான் பாக்க முடிஞ்சது இதனாலதான். ஒங்களுக்காக நான் எதையும் விடல. இன்னொரு தடவ 'சரிம்மா'ன்னு சொன்னீங்கன்னா, நான் இந்த வீட்டுல சமைக்க மாட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். வாய் 'ச' என்று ஆரம்பித்து நின்றது.

அத்தை காத்திருக்கவில்லை. வெளியே வந்து கயிற்றில் கொடியை மாட்டினாள். காகா ஒரு முடிச்சை மட்டும் திருத்தினார். கன்னர் மாமா ஊதினார், அத்தை இழுத்தாள். பாதி ஏறும்போது அப்பா வெளியே வந்து, சட்டைப் பொத்தான் பாதி போட்டபடி, வரிசையின் கடைசியில் விறைப்பாக நின்றார். அன்று சாயங்காலம் இறக்கும் நேரம் வந்ததும் காகா பழக்கத்தில் கயிற்றின் பக்கம் நகர்ந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அவளே எறக்கட்டும்," என்றார்.